ஒரு மைக்ரோகியூரி சீசியம் சென்னைக்கு வந்துசேர: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

"வெளிநாட்டிலிருந்து ஒரு கதிர்மூலம் வரவழைக்க வேண்டும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று துறைத்தலைவர் உங்கள் மேசையில் ஒரு விலைப்பட்டியலை வைத்துவிட்டுப் போயிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதன் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவில் சீசியம். அது மீனம்பாக்கம் வழியாக ஆய்வக அலமாரிக்கு வந்துசேர்வதற்குள் எத்தனை கையெழுத்துகள் வேண்டும் என்று என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தன் பங்கு தெரியும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பது மட்டும் எவருக்கும் தெரியவில்லை.

நான் எழுதுவது மூன்று வகைப் பொருட்களைப் பற்றி மட்டும்: கருவிகளைச் சரிபார்க்கும் சிறிய மூடிய கதிர்மூலங்கள், வாயு நிறப்பிரிகைக் கருவியில் இருக்கும் நிக்கல்-63 டிடெக்டர், உயிரியல் ஆய்வகங்கள் வாங்கும் சிறு அளவு கதிரியக்கச் சேர்மங்கள். வெல்டிங் சோதனைக்கான இரிடியம் கேமரா, புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட் ஆகியவற்றின் வழி வேறு. யுரேனியம், தோரியம் சேர்ந்த பொருள் என்றால் சட்டம் அவற்றைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. அதற்கு இந்தக் கட்டுரையை நம்ப வேண்டாம்.

1. இங்கேயே கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்

நவி மும்பையில் இருக்கும் பிரிட் நிறுவனம் அணுசக்தித் துறையைச் சேர்ந்தது. அளவுத்திருத்தத்துக்கான கதிர்மூலங்களையும் கதிரியக்கச் சேர்மங்களையும் விற்கிறது. உங்களுக்கு வேண்டியது அவர்கள் பட்டியலில் இருந்தால் கீழே உள்ளவற்றில் பாதி தேவையில்லை: சுங்கம் இல்லை, வெளிநாட்டு விமானம் இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் அனுமதி என்ற பகுதி மட்டும் அப்போதும் இருக்கும். "வெளிநாட்டுச் சரக்குதான் துல்லியம்" என்று பேராசிரியர் பிடிவாதம் பிடித்தால், எட்டாம் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

2. "சின்ன அளவு" என்பதை யார் அளக்கிறார்கள்?

தடுமாற்றம் எல்லாம் தொடங்கும் இடம் இது. அளவு சிறிதா இல்லையா என்பதை மூன்று தரப்பு மூன்று விதமாகப் பார்க்கின்றன. ஒன்றின் பதில் மற்றொன்றுக்குச் செல்லாது.

ஒரு மைக்ரோகியூரி என்பது 37 கிலோபெக்கெரல்; கியூரி, பெக்கெரல் இரண்டும் கதிரியக்கத்தை அளக்கும் அலகுகள். சர்வதேச அணுசக்தி முகமையின் போக்குவரத்து விதிகளில் சீசியம்-137க்கான விலக்கு வரம்பு ஒரு சரக்குக்கு 10 கிலோபெக்கெரல். ஆக, உங்கள் ஒரே ஒரு வில்லை அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. அது கதிரியக்கச் சரக்குதான். அதே ஒரு மைக்ரோகியூரி கோபால்ட்-60 என்றால் வரம்பு 100 கிலோபெக்கெரல். ஒரு வில்லை உள்ளே அடங்கும். ஒரே சரக்கில் மூன்று வில்லைகள் வைத்தால் 111 ஆகித் தாண்டிவிடும். சோடியம்-22, பேரியம்-133 இரண்டுக்கும் வரம்பு 1 மெகாபெக்கெரல். கல்லூரிகள் வழக்கமாக வாங்குவது ஐந்தாறு வில்லைகள் சேர்ந்த பெட்டி. அப்போது ஒவ்வொன்றும் தன் வரம்பில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். கூட்டல் ஒன்றைத் தாண்டினால் பெட்டி முழுவதும் கதிரியக்கச் சரக்கு.

இரண்டாவது அளவு விமானச் சரக்குக்கானது. விலக்கு வரம்பைத் தாண்டியும் மிகக் குறைவாகவே இருக்கும் பொருட்களை "எக்ஸெப்டட் பேக்கேஜ்" என்ற எளிய வகையில் அனுப்பலாம். சாதாரணத் திட வடிவில் சீசியத்துக்கு இதன் உச்சம் ஒரு பொதிக்கு 600 மெகாபெக்கெரல். உங்கள் வில்லையைப் போலப் பதினாறாயிரம் வில்லைகளுக்கு மேல் அதில் அடங்கும். ஆகவே சின்னச் சரக்குகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகையில்தான் வரும். இது உங்களுக்கு நல்ல செய்தி.

மூன்றாவது தரப்பு சுங்கத்துறை. இறக்குமதிப் பட்டியலில் 2844 என்ற தலைப்பில் வந்துவிட்டால் அது கதிரியக்கப் பொருள், அவ்வளவுதான். ஒரு வில்லையா ஆயிரமா என்று பார்த்து அங்கே சலுகை கிடையாது. அனுமதிக் கடிதம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க விற்பனையாளர்களின் பட்டியலில் "உரிமம் தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது அமெரிக்க விதி, அமெரிக்காவில் வாங்குபவருக்கு. அங்கே சீசியம்-137க்கு 10 மைக்ரோகியூரி வரை அந்தச் சலுகை உண்டு. மேலே சொன்ன சர்வதேச வரம்பைப்போல் இது 37 மடங்கு. அந்த வரியை நம்பிப் பணம் அனுப்பிவிட்டு, பொதி வந்து நின்ற பிறகு அனுமதிக்கு அலைபவர்கள் உண்டு.

3. பணம் அனுப்பும் முன் இ-லோரா

ஏஇஆர்பியின் தலைமையகம் மும்பை அணுசக்தி நகரில் இருக்கிறது. சென்னையில் அதன் தென்மண்டல ஒழுங்குமுறை மையம் உண்டு. ஆனால் அங்கே நேரில் போய் நின்றால் காரியம் வேகமாக நடக்கும் என்று எண்ண வேண்டாம். விண்ணப்பங்கள் எல்லாம் இ-லோரா என்ற இணையவாசல் வழியாகத்தான்.

முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் "முதலாளி" என்று வருவது நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்: கல்லூரி என்றால் முதல்வர் அல்லது தாளாளர். துறைத்தலைவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டு பிறகு மாற்றுவதில் நிறைய நேரம் வீணாகும். பான் அட்டை, அடையாளச் சான்று, நிறுவன முகவரி ஆகியவற்றில் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கட்டும். ஒன்றில் "சென்னை 25" என்றும் மற்றொன்றில் ஊர்ப்பெயரோடும் இருந்தால்கூடக் கேள்வி வரும்.

அடுத்து, நீங்கள் எதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து உரிமமா, அங்கீகாரமா, பதிவா என்பது தீர்மானமாகும். 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் இந்த மூன்று படிகளை வைத்திருக்கின்றன. பயன்பாட்டுக்கு ஏற்பக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், கதிர்வீச்சு அளக்கும் சர்வே மீட்டர், தங்கள்மேல் பட்ட கதிர்வீச்சை அளக்க ஊழியர்கள் அணியும் டிஎல்டி பட்டை, பூட்டிய சேமிப்பிடத்தின் வரைபடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். சர்வே மீட்டரின் அளவுத்திருத்தச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல ஆய்வகங்களில் கருவி இருக்கும், சான்றிதழ் எப்போதோ காலாவதியாகியிருக்கும். அதைப் புதுப்பிக்கத் தனியாக வாரங்கள் ஆகும். அந்த நேரத்தை யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை.

உங்கள் மூலம் மிகச் சிறியது, எதுவும் தேவைப்படாது என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அதை ஏஇஆர்பி எழுத்தில் சொல்ல வேண்டும். சுங்க அதிகாரியிடம் காட்ட அந்தக் கடிதம் ஒன்றே செல்லும்.

மூடிய மூலம் என்றால் இன்னொரு காகிதம்: பயன்பாடு முடிந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று தயாரிப்பாளர் தரும் உறுதிமொழி. விற்பனை முகவரிடம் கேட்டால் "அதெல்லாம் பிறகு" என்பார். வாங்கியபின் கேட்டால் கிடைக்காது. கொள்முதல் ஆணையிலேயே ஒரு நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

4. இறக்குமதிக் குறியீடு

இதில் சொல்ல அதிகமில்லை. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஐஇசி என்ற இந்தக் குறியீட்டு எண்ணை வாங்கலாம். உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் அது முடக்கப்பட்டுவிடும். கணக்குப் பிரிவில் கேட்டால் "இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். செயலில் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள்.

5. விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

பொதி புறப்படும் முன் இவை மின்னஞ்சலில் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கதிரியக்க அளவுச் சான்றிதழ், கசிவுச் சோதனைச் சான்றிதழ், பொதியின் மேற்பரப்புக் கதிர்வீச்சு அளவு, ஏர்வே பில் என்ற விமானச் சரக்குச் சீட்டின் வரைவு நகல்.

வரைவு நகல் என்று அழுத்திச் சொல்கிறேன். அசல் அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்தவும் கட்டணம், தாமதம். எக்ஸெப்டட் பேக்கேஜுக்கு ஆபத்தான சரக்குக்கான முழு அறிவிப்புப் படிவம் தேவையில்லை. ஏர்வே பில்லில் சரக்கு விவரம் எழுதும் கட்டத்தில் யுஎன் எண் (ஆபத்தான சரக்கு வகைகளுக்கான ஐ.நா. எண்), முறையான சரக்குப் பெயர், பொதிகளின் எண்ணிக்கை ஆகியவை இருந்தால் போதும். தனியாக அனுப்பும் பொருள் என்றால் யுஎன் 2910. கருவிக்குள் அடங்கியது என்றால் யுஎன் 2911. "ஆய்வக மாதிரி" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

எங்களை அதிகம் இழுத்தடித்தது அலகுப் பிரச்சினை. இன்வாய்ஸில் மைக்ரோகியூரி, சான்றிதழில் கிலோபெக்கெரல், அனுமதிக் கடிதத்தில் மெகாபெக்கெரல். மூன்றும் ஒரே அளவுதான். மதிப்பீட்டு மேசையில் இருப்பவர் அணு இயற்பியல் படித்தவர் அல்லர், படித்திருக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. மூன்று காகிதத்தில் மூன்று எண் இருந்தால் நிறுத்திவைப்பதுதான் அவர் வேலை. அனுமதிக் கடிதத்தில் எந்த அலகு இருக்கிறதோ அதே அலகில் இன்வாய்ஸையும் எழுதச் சொல்லுங்கள். ஐசோடோப்பின் பெயர், எண்ணிக்கை, மாடல் எண் ஆகியவையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கட்டும்.

6. விமானம் கிடைப்பது

விதி அனுமதிக்கிறது என்பதால் விமான நிறுவனம் ஏற்றிக்கொள்ளும் என்று பொருளில்லை. ஏழாம் வகுப்புச் சரக்கையே, அதாவது கதிரியக்கச் சரக்கையே, தொடுவதில்லை என்று முடிவெடுத்த நிறுவனங்கள் உண்டு. எக்ஸெப்டட் பேக்கேஜ் என்றாலும் மறுப்பார்கள். விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் ஆபத்தான சரக்கு விதிநூல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று புதிய பதிப்பாக நடைமுறைக்கு வருகிறது. எந்த நாடு, எந்த விமான நிறுவனம் கூடுதலாக என்ன கேட்கிறது என்பதும் அதில் இருக்கும். போன ஆண்டு ஏற்றிக்கொண்டார்கள் என்பது இந்த ஆண்டுக்குச் சான்று ஆகாது.

சரக்கு முகவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த யுஎன் எண்ணை, இந்த வழித்தடத்தில், இடையில் மாறும் விமானம் உட்பட, ஏற்கிறீர்களா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். நேரடி விமானம் இருந்தால் கட்டணம் கூடினாலும் அதையே எடுங்கள். இடைநிற்கும் நாட்டுக்கும் தனி விதிகள் உண்டு. அங்கே பொதி தங்கிவிட்டால் உங்கள் குரல் அங்கு எட்டாது.

வெளிநாட்டிலிருந்து வரும் மாணவரின் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமே என்று ஒருவராவது யோசனை சொல்வார். பயணிகளின் பெட்டியில் கதிர்மூலத்துக்கு இடமில்லை. அந்த மாணவரின் எதிர்காலத்தை நினைத்தாவது அதை அங்கேயே மறுத்துவிடுங்கள். சாதாரண கூரியர், தபால் ஆகியவையும் வேண்டாம்.

7. பொதி

இது அனுப்புபவர் பொறுப்பு. ஆனாலும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபாருங்கள். வெளியே எக்ஸெப்டட் பேக்கேஜுக்கான லேபிள், யுஎன் எண், அனுப்புபவர் பெறுபவர் விவரம். உள்ளே, திறந்தவுடன் கண்ணில் படும்படி கதிரியக்க எச்சரிக்கை. பொதியின் மேற்பரப்பில் எந்த இடத்திலும் கதிர்வீச்சு மணிக்கு 5 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது எக்ஸெப்டட் வகையே அல்ல. வெள்ளை, மஞ்சள் லேபிள்களும் முழு அறிவிப்புப் படிவமும் வேண்டும், கட்டணமும் தாவிவிடும்.

8. செலவு

பொருளின் விலையைவிட அதைக் கொண்டுவரும் செலவு அதிகமாக இருப்பது இந்தத் துறையில் இயல்பு. நிதிக்கு விண்ணப்பிக்கும்போது விலைப்பட்டியல் எண்ணை மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். சேர்க்க வேண்டியவை: ஆபத்தான சரக்குக்கான கூடுதல் விமானக் கட்டணம், பொதி கட்டும் கட்டணம், அங்கேயும் இங்கேயும் ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம், சுங்க முகவர் கட்டணம், கிடங்குக் கட்டணம், சுங்க வரி, ஐஜிஎஸ்டி, விமான நிலையத்திலிருந்து ஆய்வகம் வரை வண்டி. விமானக் கட்டணம் பெரும்பாலும் குறைந்தபட்சத் தொகையாகவே வரும். ஒரு வில்லைக்கும் ஒரு பெட்டிக்கும் ஏறக்குறைய ஒரே பணம். எனவே பக்கத்துத் துறைக்கும் தேவை இருந்தால் ஒரே சரக்காகச் சேர்த்து வாங்குங்கள், இரண்டாம் பகுதியில் சொன்ன கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு.

வரியில் பலருக்குத் தெரியாத ஒரு நிவாரணம் இருக்கிறது. சுங்க மதிப்பு என்பது பொருள் விலையோடு போக்குவரத்தும் காப்பீடும் சேர்ந்தது. ஆனால் 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, விமானத்தில் வரும் சரக்குக்குப் போக்குவரத்துச் செலவாகப் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. கணக்குக்காக, பொருள் 60,000 ரூபாய், விமானக் கட்டணம் 90,000 ரூபாய் என்று வையுங்கள். மதிப்பில் சேர வேண்டிய கட்டணம் 12,000 மட்டுமே. காப்பீட்டுச் செலவு தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 675 ரூபாய். வரி போடும் மதிப்பு 72,675. ஒன்றரை லட்சம் அல்ல. இதற்கு இன்வாய்ஸில் பொருள் விலையும் கட்டணமும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே எண்ணாக விற்பனையாளர் எழுதிவிட்டால் இந்தப் பலன் கைக்கு வராது.

வரி விகிதத்தை நான் எழுதவில்லை. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். எட்டு இலக்க வகைப்பாட்டு எண்ணையும் விகிதத்தையும் சுங்க முகவரிடம் மின்னஞ்சலில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் 2844க்குக் கீழே உட்பிரிவுகள் மாறின. பழைய கோப்பைப் பார்த்து பழைய எண்ணை எழுதும் முகவர்கள் உண்டு.

9. மீனம்பாக்கத்தில்

ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்குப் போக வேண்டியதில்லை. விமானச் சரக்கின் வேலை எல்லாம் மீனம்பாக்கம் சரக்கு வளாகத்தில்தான் நடக்கும். சுங்க முகவரைத் தேர்ந்தெடுக்கும்போது "ஏழாம் வகுப்புச் சரக்கை விடுவித்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். "ஆபத்தான சரக்கு எல்லாம் செய்வோம் சார்" என்ற பதில் போதாது. பெயின்டும் பேட்டரியும்கூட ஆபத்தான சரக்குதான்.

பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பை விமானம் வருமுன்பே தாக்கல் செய்யலாம், செய்துவிடுங்கள். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம். கிடங்கின் இலவச நேரம் வேறு கணக்கு. அது தீர்ந்ததும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். சனி, ஞாயிறில் கேள்வி எழுந்தால் பதில் சொல்ல உங்கள் பாதுகாப்பு அலுவலர் தொலைபேசியில் கிடைக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தின் அச்சு நகல்களை முகவரிடம் இரண்டு பிரதி கொடுத்து வையுங்கள்.

10. நாள் குறிப்பது

பொதியை அனுமதி வந்த பிறகே கிளப்பச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் வந்திறங்கும் விமானம் வேண்டாம், திங்கள் அல்லது செவ்வாய் வருவதே நல்லது. பொங்கல் வாரத்தைத் தவிருங்கள்.

வடகிழக்குப் பருவமழையை மறந்துவிட்டுச் சென்னையில் யாரும் நவம்பர், டிசம்பரில் சரக்கு வரவழைக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. சீசியம்-137க்கு அரை ஆயுள் 30 ஆண்டு, அது காத்திருக்கும். பாஸ்பரஸ்-32க்கு 14 நாள்தான். நான்கு வாரம் தாமதித்தால் நீங்கள் பணம் கொடுத்ததில் கால் பங்குதான் மிஞ்சும். அயோடின்-125க்கு ஏறக்குறைய 60 நாள். இப்படிப்பட்டவற்றில் சான்றிதழில் உள்ள குறிப்பு நாளைப் பாருங்கள். அளவு அந்த நாளுக்கானது, பொதி உங்கள் கையில் சேரும் நாளுக்கானது அல்ல.

11. பொதி ஆய்வகத்துக்கு வந்ததும்

திறக்கும் முன் சர்வே மீட்டரால் வெளிப்புறத்தை அளந்து எழுதுங்கள். பொதி நசுங்கியோ நனைந்தோ இருந்தால் திறக்காமல் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். வரிசை எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டு, துடைப்புச் சோதனை (மேற்பரப்பைத் துடைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது) செய்து, பதிவேட்டில் ஏற்றிப் பூட்டுங்கள். இ-லோராவில் மூலம் வந்துசேர்ந்த தகவலைத் தெரிவிக்க வேண்டும். பொருள் கைக்கு வந்த மகிழ்ச்சியில் விட்டுப்போகும் வேலை இதுதான். அடுத்த விண்ணப்பம் போடும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

12. இங்கிருந்து வெளியே அனுப்ப வேண்டியிருந்தால்

உணவுப் பரிசோதனைக் கூடங்களில் இருப்பவர்களுக்கு இது வரும். பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் நிக்கல்-63 டிடெக்டர் பழுதாகித் தயாரிப்பாளரிடமே போக வேண்டியிருக்கும். இவற்றில் பொதுவாக 370 முதல் 555 மெகாபெக்கெரல் வரை இருக்கும். விலக்கு வரம்பு 100 மெகாபெக்கெரல் என்பதால் "அது வெறும் உதிரிபாகம்" என்று அனுப்ப முடியாது.

ஏஇஆர்பியின் ஏற்றுமதி அனுமதி, பெறுபவரின் நாட்டில் அவருக்குள்ள உரிமத்தின் நகல், சமீபத்திய துடைப்புச் சோதனை முடிவு ஆகிய மூன்றும் முதலில். துடைப்புச் சோதனையில் வழக்கமாகப் பார்க்கும் எல்லை 185 பெக்கெரல். இங்கே அனுப்புபவர் நீங்கள். பொதியைக் கட்டி ஆவணத்தில் கையெழுத்திடுபவர் ஆபத்தான சரக்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், அந்தப் பயிற்சியை 24 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆய்வகத்தில் அப்படி எவரும் இல்லையென்றால் பயிற்சி பெற்ற முகவரிடம் கொடுங்கள்.

ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி அறிவிப்பில், பழுதுபார்த்துத் திரும்ப வரும் பொருள் என்பதையும் வரிசை எண்ணையும் எழுதச் செய்யுங்கள். சுங்க அதிகாரி பொருளை அடையாளம் கண்டு பதிந்திருந்தால், மூன்று ஆண்டுக்குள் திரும்பி வரும்போது பழுதுபார்த்த செலவு, இருவழிக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றின் மீது மட்டும் வரி கட்டலாம். பதியாவிட்டால் புதிதாக வாங்கியதுபோல் முழு மதிப்புக்கும் கட்ட வேண்டும்.

காலியான ஈயக் குடுவையை மட்டும் விற்பனையாளருக்குத் திருப்பி அனுப்புவதாக இருந்தாலும் வெறும் பெட்டி என்று நினைக்க வேண்டாம். அதற்கும் யுஎன் 2908 என்று தனி எண் இருக்கிறது. உள்ளே கறை இருக்கிறதா என்று துடைத்துச் சோதித்து, பழைய கதிரியக்க லேபிள்கள் வெளியே தெரியாதபடி மறைத்த பிறகே முகவரிடம் கொடுங்கள்.